சாவி யார் கையில் இருந்தது? வாகனப் பந்தயத்தில் பெண்கள் - ஒரு வரலாற்றுப் பார்வை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வாப்பாமாரும் நானாமாரும் கட்டாயம் வாசியுங்கள்.

காலை ஏழு மணிக்கு நம்மூர் பிரதான வீதியில் நின்று பாருங்கள். பாடசாலைக்குப் போகும் ஆசிரியைமார், வங்கிக்குப் போகும் சகோதரிகள், பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விடப்போகும் உம்மாமார் என்று ஸ்கூட்டிகள் வரிசையாகப் போகும். முதன்முதலில் ஒரு பெண் ஸ்கூட்டியில் போனபோது சந்திக்குச் சந்தி என்னென்ன பேசினோம் என்பதும் நமக்கு மறந்திருக்காது. இன்று அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. தேவை வந்தது, ஓடினார்கள், பழகிவிட்டது.

ஆனால் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "எனக்குக் கார் ரேஸ் விருப்பம்" என்று சொன்னால் இன்றும் வகுப்பே சிரிக்கும். ஆசிரியர்களாகிய நாமும் சேர்ந்து சிரிப்போம். "அது ஆம்பிளப் புள்ளைகள்ட வேலை" என்று முடித்துவிடுவோம்.

உண்மையில் அது எப்போதிருந்து ஆண்களின் வேலையானது? யார் அப்படி ஆக்கினார்கள்? இந்தக் கேள்வியோடு கடந்த 120 வருட வரலாற்றைப் புரட்டினால், நாம் நினைத்திருந்ததற்கு மாறான ஒரு கதை கிடைக்கிறது.

*பயந்தது யார்?*

வாகனப் பந்தயம் தொடங்கிய காலத்திலேயே பெண்கள் அதில் இருந்தார்கள். 1901இல் பாரிஸிலிருந்து பேர்லின் வரை ஒரு பந்தயம் நடந்தது. பந்தயப் பாதை என்று தனியாக எதுவும் இல்லாத காலம் அது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகும் பொது வீதியிலேயே ஓட வேண்டும். அதில் கமீல் து காஸ்ட் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கலந்துகொண்டு 33ஆவது இடத்தில் முடித்தார். அவர் ஒரு விதவை.

1903இல் பாரிஸ் - மட்ரிட் பந்தயத்திலும் அவர் இறங்கினார். நன்றாக முன்னேறி வந்துகொண்டிருந்தபோது, சக போட்டியாளரான ஸ்டெட் என்பவரின் வண்டி விபத்துக்குள்ளாகிக் கிடப்பதைக் கண்டார். தன் வண்டியை நிறுத்தி, உதவி வந்துசேரும்வரை அவரைப் பார்த்துக்கொண்டார். அதனால் அவர் பின்தங்கிப் போனார். அன்று வீதியோரம் நின்றவர்களும் ஓட்டுநர்களுமாகப் பலர் உயிரிழந்ததால் பந்தயம் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. பொது வீதியில் ஊருக்கு ஊர் பந்தயம் ஓடும் காலம் அத்தோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. மூடிய பாதைகளும் தனியான பந்தயத் தடங்களும் அதற்குப் பிறகுதான் பரவலாயின.

அடுத்த வருடம் பிரான்ஸில் பெண்களுக்குப் பந்தயத் தடை வந்தது. பெண்கள் இலகுவில் பதற்றப்பட்டுவிடுவார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மரணங்களுக்கு நடுவே பதறாமல் இறங்கிப்போய் ஒரு மனிதனுக்கு உதவியவர் மீதுதான் அந்தக் காரணத்தைச் சொன்னார்கள். கமீல் விடவில்லை. விசைப்படகுப் பந்தயத்துக்குப் போனார். 1905இல் அல்ஜியர்ஸிலிருந்து துலோன் துறைமுகம் வரை நடந்த கடல் பந்தயத்தில் பெரும் புயல் அடித்துப் படகுகள் மூழ்கின. முடிவில் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவர் அவர்தான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டொரத்தி லெவிட் என்ற பெண், வாகனக் கம்பனி ஒன்றில் காரியதரிசியாக இருந்து பந்தயத்துக்கு வந்தார். 1906இல் பிளாக்பூல் நகரில் மணிக்கு 146 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். பெண்களுக்கான உலகச் சாதனை அது. அடுத்த வருடம் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது, பெண் என்பதால் அவருக்கு அங்கே போட்டியிட அனுமதி கொடுக்கவில்லை.

லெவிட் 1909இல் பெண்களுக்காக வாகனம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு சின்ன ஆலோசனை சொன்னார்: வாகனம் ஓட்டும்போது ஒரு கைக்கண்ணாடியைக் கூடவே வைத்திருங்கள், அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறதென்று பாருங்கள். வாகனங்களில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி பொருத்தும் வழக்கம் வருவதற்கு முந்திய காலம் அது. இன்று நம் ஸ்கூட்டியிலும் ஓட்டோவிலும் இருக்கும் அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போது, தடத்துக்குள் விடப்படாத அந்தப் பெண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

*கணவர், சகோதரர், வாப்பா*

செக்கோஸ்லோவாக்கியாவில் எலிஷ்கா யுன்கோவா என்று ஒருவர் இருந்தார். அவருடைய கணவருக்குப் பந்தயத்தில் ஆசை. ஆனால் முதலாம் உலகப் போரில் கையில் ஏற்பட்ட காயத்தால் கியர் மாற்றுவது கஷ்டம். மனைவி ஓட்டப் பழகினார். கணவர் அவரைத் தடுக்கவில்லை, வண்டி வாங்கிக் கொடுத்தார்.

இத்தாலியின் சிசிலித் தீவில் தார்கா புளோரியோ என்ற பந்தயம் நடக்கும். மலைப்பாதையில் ஒரு சுற்றே 108 கிலோமீற்றர். ஆயிரக்கணக்கான வளைவுகள். யுன்கோவா பந்தயத்துக்கு முன்னரே போய், அந்தப் பாதையை நடந்து பார்த்து அடையாளங்களை மனதில் பதித்துக்கொண்டார். பந்தயத்துக்கு முன்னர் பாதையை ஆராய்வது இன்று எல்லோரும் செய்வது. அன்று அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். 1928இல் அங்கே ஐந்து சுற்றுக்களில் இரண்டாவது சுற்று முடியும்போது எல்லா ஆண்களையும் முந்தி அவர்தான் முதலிடத்தில் இருந்தார். கடைசியில் வண்டி கோளாறு செய்ததால் ஐந்தாவதாக முடித்தார். அதே வருடம் ஜேர்மனியில் நடந்த பந்தயத்தில் கணவர் இறந்துபோனார். அதன்பிறகு அவர் பந்தயத்தைத் தொடவில்லை.

மரியா தெரேசா டி பிலிப்பிஸ் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பெண். "உன்னால் வேகமாக ஓட முடியாது" என்று சகோதரர்கள் பந்தயம் கட்டிக் கிண்டல் செய்தார்கள். 22 வயதில் தன் முதலாவது போட்டியில் இறங்கி வென்றும் காட்டினார். பத்து வருடங்களில் போர்மியுலா 1 வரை வந்துவிட்டார். 1958இல் பெல்ஜியப் பந்தயத்தில் 10ஆவது இடம். போர்மியுலா 1 உலகச் சம்பியன்ஷிப் பந்தயத்தில் ஓடிய முதல் பெண் அவர்தான். அடுத்து பிரான்ஸில், பெண் அணியவேண்டிய ஒரே தலைக்கவசம் சலூனில் முடி காயவைக்கும் கவசம்தான் என்று பந்தயப் பொறுப்பாளர் சொல்லித் தன்னை விடவில்லை என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

லெல்லா லொம்பார்டி ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகள். வாப்பாவின் கடை வானை ஓட்டி இறைச்சி விநியோகித்துத்தான் அவர் ஓட்டப் பழகினார். 1975இல் ஸ்பெயினில் நடந்த பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். ஒரு கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து உயிர்கள் போனதால் அந்தப் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது. பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். ஒரு புள்ளி கிடைக்கவேண்டியவருக்கு அரைப் புள்ளி கிடைத்தது.

1950இல் தொடங்கிய போர்மியுலா 1 உலகச் சம்பியன்ஷிப்பில் இன்றுவரை ஒரு பெண் எடுத்த மொத்தப் புள்ளி அந்த அரைதான். டி பிலிப்பிஸ், லொம்பார்டி ஆகிய இருவர் மாத்திரமே இதுவரை தொடக்கக் கோட்டில் நின்ற பெண்கள். இன்னும் மூன்று பேர் முயன்று தகுதி பெறாமல் திரும்பினார்கள். அப்படிக் கடைசியாக ஒருவர் முயன்றது 1992இல்.

"பார்த்தீர்களா, பெண்களால் முடியாது என்பதற்கு இதுவே சாட்சி" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

*ஒரு வருட அவகாசம்*

போர்மியுலா 1 தவிர ராலி என்றொரு பந்தயம் உண்டு. காடு, மலை, சேறு, பனி எல்லாவற்றிலும் ஓடவேண்டும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்புப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார்.

மிஷேல் மூத்தோன் பிரான்ஸில் பிறந்தவர். முதலில் அவர் குறிப்பு வாசிக்கும் பக்கத்தில்தான் இருந்தார். அவருடைய வாப்பாதான் ஒரு பேச்சுப் பேசினார்: கார் நான் வாங்கித் தருகிறேன், ஒரு வருடம் அவகாசம், முடியுமா முடியாதா என்று காட்டு.

மகள் காட்டினார். 1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில், பப்ரிசியா பொன்ஸ் என்ற பெண் குறிப்பு வாசிக்க, அவுடி குவாட்ரோ காரில் முதலாவதாக வந்தார். உலக ராலி சம்பியன்ஷிப் சுற்றொன்றில் வென்ற முதல் பெண். அடுத்த வருடம் போர்த்துக்கல், கிரேக்கம், பிரேசில் என்று மூன்று வெற்றிகள். உலகச் சம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் தறுவாயில் வாப்பா புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடும் அவர் ஓடினார். ஆனால் அந்த ராலியை முடிக்க முடியவில்லை, பட்டம் ஜேர்மனியின் வோல்டர் ரோலுக்குப் போனது. அந்த வருடம் உலகத்தில் இரண்டாமிடம் மூத்தோனுக்கு.

2001இல் ஜேர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் பாலைவனம் கடக்கும் டக்கார் ராலியின் கார் பிரிவில் முதலாவதாக வந்தார். அவர் ஓட்டியது நம்மூர் வீதிகளில் நாம் காணும் மிட்சுபிஷி பஜரோ. 2008இல் அமெரிக்காவின் டனிக்கா பற்றிக் ஜப்பானில் நடந்த இண்டிகார் பந்தயத்தை வென்றார். எல்லாப் போட்டிகளும் ஆண்களோடு ஒரே தடத்தில், ஒரே கடிகாரத்தில் நடந்தவை.

உடல் பலம் தேவையே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. சில வகைப் பந்தயக் கார்களில் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பவர் ஸ்டியரிங் கிடையாது, திருப்பக் கடினம். வளைவுகளில் கழுத்துக்குப் பெரும் சுமை வரும். ஆனால் இதெல்லாம் பயிற்சியால் வருவது. ஆண் ஓட்டுநர்களும் பயிற்சியால்தான் அந்தக் கழுத்தைப் பெறுகிறார்கள்.

அப்படியானால் ஏன் இவ்வளவு குறைவு? வழியைப் பார்த்தால் விளங்கும். ஏழெட்டு வயதில் கார்டிங் எனப்படும் சிறிய வண்டியில் தொடங்கவேண்டும். பிறகு போர்மியுலா 4, போர்மியுலா 3, போர்மியுலா 2 என்று படிப்படியாக ஏறவேண்டும். ஒவ்வொரு படிக்கும் பெருந்தொகைப் பணம் வேண்டும். ஏழு வயதில் மகனைத் தடத்துக்குக் கூட்டிப்போகும் தகப்பன், மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். நூறு பையன்கள் ஏறும் ஏணியில் இரண்டு பெண் பிள்ளைகள் ஏறினால், உச்சியில் யார் நிற்பார்கள்? நம்மூர்க் கணக்குப் பாடத்துக்கே இது விளங்கும்.

*சவூதியில் நடந்தது*

இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான பகுதி சவூதி அரேபியாவுடையது. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் டிரைவர் விசாவில் அங்கே போனார்கள். அந்த வீடுகளின் பெண்களையும் பிள்ளைகளையும் கடைக்கும் பாடசாலைக்கும் ஏற்றி இறக்கினார்கள். அந்த வேலை அவ்வளவு இருந்ததற்கு ஒரு காரணம், அங்கே பெண்கள் வாகனம் ஓட்ட முடியாமல் இருந்ததுதான்.

1990 நவம்பர் 6ஆம் திகதி ரியாத் நகரில் 47 பெண்கள் தாங்களே வாகனம் ஓட்டிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். பலர் வேலையை இழந்தார்கள், கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. 28 வருடங்கள் கழித்து, 2018 ஜூன் 24ஆம் திகதி தடை நீங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், அந்த உரிமைக்காகக் குரல்கொடுத்த பெண்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தடை நீங்கிய அன்றே அஸீல் அல் ஹமத் என்ற சவூதிப் பெண் பிரான்ஸில் ஒரு பந்தயத் தடத்தில் போர்மியுலா 1 கார் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதே வருடம் ஒக்டோபரில் ஜித்தாவைச் சேர்ந்த ரீமா ஜுபாலி அபூதாபியில் தன் முதலாவது பந்தயத்தில் இறங்கினார். அமெரிக்காவில் படிக்கப்போன இடத்தில் வாகனம் ஓட்டப் பழகியவர் அவர். 2019 நவம்பரில் ரியாத்துக்கு அருகே திர்இய்யாவில், சொந்த நாட்டு மண்ணில் பந்தயம் ஓடிய முதல் சவூதிப் பெண்ணானார். 2022இல் சொந்தமாக ஒரு பந்தய அணியையும் தொடங்கினார். ஒரு வருடத்தில் நீங்கிய தடைக்கும் அடுத்த வருடத்தில் வந்த பந்தயக்காரிக்கும் இடையில் புதிதாக உருவான திறமை எதுவும் இல்லை. திறமை முன்னரும் இருந்தது, வாசல்தான் புதிது.

அபூதாபியின் ஆம்னா, ஹம்தா அல் குபைஸி சகோதரிகளும் இன்று பெயர் பெற்ற ஓட்டுநர்கள். அவர்களுடைய வாப்பா காலித் பந்தயக்காரர், மகள்மாரையும் கூட்டிப்போனவர். பலஸ்தீனத்தின் மேற்குக்கரையில் 'ஸ்பீட் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் அணி, சோதனைச் சாவடிகளுக்கு நடுவே கிடைத்த சிறிய இடங்களில் பந்தயம் ஓடியது. 2015இல் அவர்களைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் அலிஷா அப்துல்லா இருக்கிறார். அவருடைய வாப்பா ஆர். ஏ. அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயச் சம்பியன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? யுன்கோவாவுக்குக் கணவர், டி பிலிப்பிஸுக்குச் சகோதரர்கள், மூத்தோனுக்கும் குபைஸி சகோதரிகளுக்கும் அலிஷாவுக்கும் வாப்பா. முன்னுக்கு வந்த பெண்களில் பலருக்குப் பின்னால், சாவியைக் கையில் கொடுத்த ஓர் ஆண் வீட்டுக்குள் இருந்திருக்கிறார். இது பெருமைப்படும் விஷயம் மட்டுமல்ல, கவலைப்படும் விஷயமும்தான். அப்படியொருவர் இல்லாத வீடுகளில் எத்தனை பேர் தங்கிப்போயிருப்பார்கள்?

*கைதட்டலும் ஆசனமும்*

உலகம் இப்போது இதை உணர்ந்து சில வேலைகளைச் செய்கிறது. மோட்டார் விளையாட்டின் சர்வதேசச் சம்மேளனமான எப்.ஐ.ஏ. பெண்களுக்கென ஓர் ஆணைக்குழு அமைத்து, 2010இல் அதன் முதல் தலைவராக மிஷேல் மூத்தோனை நியமித்தது. பாடசாலை வயதுப் பெண் பிள்ளைகளைக் கார்டிங் வண்டியில் ஏற்றிப் பார்க்கும் திட்டங்கள் அதன் வழியாக வந்தன.

2019இல் டபிள்யூ சீரிஸ் என்ற பெண்கள் பந்தயத் தொடர் ஆரம்பமானது. ஓட்டுநர்கள் பணம் கொண்டுவரத் தேவையில்லை. ஜேமி சாட்விக் அதில் மூன்று முறை சம்பியன் ஆனார். இருந்தும் போர்மியுலா 3இல் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை, அமெரிக்கா போய்த்தான் தொடர்ந்து ஓடினார். தொடரும் 2022இல் பணமின்றி நின்றுபோனது. 2023இல் எப் 1 அக்கடமி என்ற புதிய தொடர் வந்தது. அதில் 2024 சம்பியனான அபி புல்லிங்குக்கு அடுத்த படியில் முழுச் செலவோடு ஓர் ஆசனம் கொடுத்தார்கள். முதல் தொடர் நின்ற இடத்தில் கற்ற பாடம் அதுதான்: மேடையில் கைதட்டுவது போதாது, அடுத்த படியில் ஏற ஆசனம் வேண்டும்.

*நமக்கு இதில் என்ன?*

"நம் ஊரில் பந்தயத் தடமா இருக்கிறது? இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் எல்லோரும் பந்தயக்காரிகளாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு, அதில் நாம் கைவைக்கவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதும், ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததும் நாம் மத்ரஸாவில் படித்தவைதான். உடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு தகவல்: பந்தயக்காரர் கழுத்திலிருந்து கால்வரை மூடிய தீக்காப்பு உடை, கையுறை, தலையை மூடும் துணி, அதற்கு மேல் தலைக்கவசம் அணியவேண்டும். ஆணுக்கும் அதே உடைதான். அதில் கண் மட்டும்தான் தெரியும்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெருநாள் தினங்களில் நம் பையன்கள் பொது வீதியில் ஹெல்மட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போட்டி போடுகிறார்களே, அது 1903இல் பாரிஸ் - மட்ரிட் வீதியோடு கைவிடத் தொடங்கிய பழைய பைத்தியம். அதற்கு ஜனாஸாக்களாக நாம் விலை கொடுக்கிறோம். அந்தப் பையனுக்கு "வயசுக் கோளாறு" என்று விட்டுக்கொடுக்கும் நாம், முறையாக, பாதுகாப்பாகப் பழக விரும்பும் தங்கச்சிக்கு மட்டும் ஆயிரம் காரணம் சொல்கிறோம்.

நாம் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. இந்த விடுமுறையில் மகனுக்கு டயர் கழற்றிப் பூட்டக் காட்டிக்கொடுக்கும்போது மகளையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். 18 வயதானதும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு அவளையும் கூட்டிப்போங்கள், கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுக்க விரும்பும் மாணவியிடம் "கராஜில வேலை செய்யப் போறியா?" என்று கேட்காதீர்கள். பந்தயத்தில் ஓட்டுபவர் ஒருவர் என்றால், பின்னால் என்ஜின் பார்ப்பவர், டயர் மாற்றுபவர், கணினியில் தரவு படிப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். அந்த வேலைகளுக்கும் பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் இனி ஒரு பிள்ளை "எனக்குக் கார் ரேஸ் விருப்பம்" என்று சொன்னால், ஆசிரியர்களாகிய நாம் சிரிக்காமல் லெவிட்டின் கைக்கண்ணாடிக் கதையைச் சொல்லிக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். வீட்டுப் பக்கம் உங்கள் பொறுப்பு.

 உங்கள் வீட்டில் முதன்முதலில் ஸ்கூட்டி ஓடப் பழகிய பெண் யார், அன்று அவருக்குத் துணை நின்றவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.